காலதரும் கண்ணாடியும்: வானகரம் சார்ந்த புறநகர்க் குடியிருப்புகளின் காற்றோட்டம் குறித்த மதிப்பீடு

முன்னுரை

சாளரத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் ஒன்று காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் இடம்பெறும் இச்சொல், சுவரில் உள்ள திறப்பை அதன் வடிவத்தால் அன்றிச் செயலால் பெயரிடுகிறது. வேனிற் பள்ளியறைக்குத் தென்றலைக் கொணரும் சாளரங்கள் கூதிர்க்காலத்தில் அடைபட்டுக் கிடப்பதை நெடுநல்வாடை காட்டுகிறது. காற்றுக்கு வழிவிடுவதே சாளரத்தின் பணி என்னும் இக்கருத்தை அளவுகோலாகக் கொண்டு, 'பசுமை வீடு' என்னும் இன்றைய வழக்கை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரப்பும் வழியும்

வானகரம், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலை அடுத்து அமைந்துள்ளது. பகற்பொழுதின் கடற்காற்று கரையோரத்தைக் கடந்த பின்னரே இம்மேற்குப் புறநகரை எட்டும். ஈரப்பதம் மிக்க சூழலில் வியர்வை உலரக் காற்று அசைந்தாக வேண்டும். எனவே இங்கு வரும் குறைந்த காற்றையும் வீட்டினுள் ஏற்பது வடிவமைப்பின் முதற்கடமையாகிறது.

எரிசக்தித் திறன் பணியகத்தின் 'இகோ நிவாஸ் சம்ஹிதா' 2018, வெப்ப ஈரப்பத மண்டலத்தில் திறக்கக்கூடிய பரப்பு, வீட்டின் கார்ப்பெட் பரப்பில் 16.66 விழுக்காடேனும் இருத்தல் வேண்டும் என்கிறது. 600 சதுர அடி வீட்டிற்கு இது ஏறத்தாழ 100 சதுர அடி. இரு பலகைகள் கொண்ட ஸ்லைடிங் ஜன்னலில் பாதியே திறக்கும் என்பதையும் அத்தொகுப்பு கணக்கில் கொள்கிறது. கண்ணாடியின் அகலத்தைக் காற்றின் அளவாகக் காட்டும் விளம்பர மொழிக்கு இது தக்க மறுப்பாகும்.

ஆயினும் இவ்விகிதம் பரப்பை அளக்கிறதேயன்றி வழியை அளப்பதில்லை. அந்த 100 சதுர அடியும் ஒரே சுவரில் அமைந்தாலும் விகிதம் நிறைவேறிவிடும். நடுவே நடைகூடமும் இருமருங்கும் வீடுகளுமாக அமையும் அடுக்ககத்தில், மூலைவீடு நீங்கலாகப் பிற வீடுகளுக்கு வெளிச்சுவர் பெரும்பாலும் ஒன்றே. உட்புகும் காற்று வெளியேற வழியின்றேல் அத்திறப்பு காலதர் ஆகாது.

தூசி, வாகன இரைச்சல், கொசு ஆகியவற்றால் சாளரம் எவ்வாறாயினும் மூடப்படும் என்பது எதிர்வாதம். நெடுஞ்சாலையோரப் பகுதிகளுக்கு இது பொருந்தும். ஆனால் திறப்பு என்றாலே பெரிய ஜன்னல் என்று கொள்வதால் எழும் வாதம் இது. லாரி பேக்கர் (1917–2007) திருவனந்தபுரத்தில் அமைத்த செங்கல் சல்லடைச் சுவர்கள், மறைவையும் காற்றையும் ஒருசேரத் தந்தன. கொசுவலை பொருத்திய மேற்சுவர்த் திறப்பும் எளிய தீர்வே.

அறையின் உள்ளே

உட்புற அலங்காரமும் இவ்வழியை அடைக்கிறது. பழைய வீடுகளில் கூரையை ஒட்டி இருந்த வென்டிலேட்டர் வெப்பக் காற்றை வெளியேற்றியது. அவ்விடத்தை இன்று ஃபால்ஸ் சீலிங்கும் பரண் அலமாரிகளும் மறைக்கின்றன. பின்னர்க் குளிர்சாதனம் இன்றியமையாததாகிறது. அது மின்சிக்கன நட்சத்திரம் பெற்றிருப்பின் வீடும் 'பசுமை' எனப்படுகிறது. கட்டடத்தின் குறையை ஈடுசெய்யும் கருவியே கட்டடத்தின் தகுதியாக எண்ணப்படுவது முரணாகும்.

முடிவுரை

சாளரத்தின் இடத்தை முடிவு செய்பவர் கட்டுநர். அதன் விளைவை மின்கட்டணமாகச் செலுத்துபவர் குடியிருப்பவர், பல வேளைகளில் வாடகைக்கு இருப்பவர். மின்தடை நேரும் கோடை இரவில் இவ்வேறுபாடு கட்டணத்தோடு நிற்பதில்லை. குழந்தைகளின், முதியோரின் உறக்கத்தையும் தொடுகிறது. ஆகவே ஒவ்வொரு படுக்கையறைக்கும் காற்று புகும் வாயிலையும் வெளியேறும் வாயிலையும் வரைபடத்திலேயே குறித்துக் காட்டுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். பரப்பை மட்டும் கேட்கும் விதி, வழியையும் கேட்கும்போதே காலதர் என்னும் சொல் தன் பொருளை மீளப் பெறும்.