தேசிங்கு கதையும் பாராசாரியின் அச்சமும்

செஞ்சிக் கோட்டையைக் களமாகக் கொண்ட தேசிங்குராஜன் கதைப்பாடல் தமிழ் மக்கள் நன்கறிந்தது. 1714-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்ட இளவீரனின் வரலாறே அதன் கரு. மணப்பந்தலை விட்டெழுந்து வந்து நண்பனுக்காக உயிர்நீத்த மகமத்கானை அப்பாடல் போற்றும் பகுதி நெஞ்சை உருக்குவது.

ஆயினும், பாராசாரி என்னும் முரட்டுக் குதிரையை அடக்கும் பகுதியில் ஒரு குறை உண்டென்பது எம் கருத்து. டில்லிப் பாதுஷாவின் அக்குதிரை எவரையும் ஏறவிடவில்லை. தந்தை தோற்றுச் சிறைப்பட்டார். மைந்தன் ஏறி வென்றான். வீரமும் தெய்வத் துணையும் பேசப்படுகின்றன. குதிரை எதனால் மிரண்டது என்பதில் பாட்டின் நாட்டம் செல்லவில்லை.

அலெக்சாந்தரின் குதிரையைப் பற்றிப் புளூட்டார்க் கூறுவதை ஈண்டு ஒப்புநோக்கலாம். தன் நிழலைக் கண்டே அது மிரள்வதை உணர்ந்த சிறுவன், அதனைக் கதிரவனை நோக்கித் திருப்பினான், தடவிக் கொடுத்தான், பின்னரே ஏறினான்.

அபூதாவூதில் பதிவான ஹதீஸ் இன்னும் ஆழமானது. அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் உகுத்த ஒட்டகத்தின் காதின் பின்புறத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடவிக்கொடுக்க, அது அமைதியுற்றது. பின்னர் உரிமையாளரை அழைத்து, அதனைப் பட்டினி போட்டு ஓயாது வேலை வாங்குவதைக் கண்டித்தார்கள்.

துன்புற்று அஞ்சிய உயிரின் நம்பிக்கையைப் பெற, முதலில் அதன் அச்சத்தின் காரணத்தை அறிந்து களைய வேண்டும். மகமத்கானின் நட்பை அத்துணை நுட்பமாக உணர்ந்த பாடல், பாராசாரியின் உள்ளத்தையும் எண்ணியிருப்பின் மேலும் உயர்ந்திருக்கும். பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும் பெற்றோர் அக்குதிரையின் அச்சத்தையும் சேர்த்துச் சொல்வார்களாக!