மனவரைபடமும் குடத்துத் தண்ணீரும்

விஞ்ஞானம் கற்பிக்கும் புதிய முறை ஒன்று வந்தால், அது நல்லதா, வெறும் புதியதா என்று எப்படி அறிவது? தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்து ஏரியூருக்கு அதைக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்பேன்.

காரணம் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பாறைகளில் உள்ள சில கனிமங்களிலிருந்து அது நீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பல்லின் எனாமல் உருவாகும் சிறு வயதில் வரம்பு மீறிய நீரைக் குடித்தால், பிறகு முளைக்கும் பல்லில் பழுப்புக் கறை நிலைத்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரி நீரை இம்மாவட்டத்துக்குக் கொண்டுவந்தது இதற்காகத்தான். ஆக, வேதியியல் பாடம் இங்கே குடத்திலேயே இருக்கிறது.

இனி நம் மாநிலம் கண்ட புதுமைகளுக்கு வருவோம். ஆந்திரத்து ரிஷி வேலிப் பள்ளியின் முறையைப் பின்பற்றி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளை எடுத்து, அவரவர் வேகத்தில் படியேறினார்கள். வகுப்பறையில் அச்சம் குறைந்தது. அது சிறிய காரியம் அன்று. ஆனால் சென்னைப் பிள்ளைக்கும் ஏரியூர்ப் பிள்ளைக்கும் ஒரே அட்டை!

நடுநிலை வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வியிடம் எனக்குள்ள குறை இன்னும் பெரிது. பாடத்தைப் படி, மனவரைபடம் வரை, குழுவில் தொகுத்துப் பேசு, எழுது என்பது அதன் வரிசை. மொழிப்பாடத்துக்கு அருமையான பயிற்சி. விஞ்ஞானத்துக்கு? மாணவன் ஆராய்வது புத்தகத்துப் பத்தியைத்தான், பொருளை அன்று. பத்தி ஒன்று சொல்லி, குடத்து நீர் வேறொன்று சொன்னால், அதை மனவரைபடத்தின் எந்தக் கிளையில் எழுதுவான்?

மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய முயற்சியை நினைத்துப் பாருங்கள். அங்கே பிள்ளைகள் சோதனை செய்து, கண்டதைத் தாமே எழுதினார்கள். ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார்கள். இவையெல்லாம் அழகுதான், ஆனால் நான் வியப்பது தேர்வை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடம் அங்கே செல்லாக்காசு! தேர்வைத் தொடாத சீர்திருத்தம் எதுவானாலும், மார்ச் மாதம் வந்ததும் கைவிடப்படும் என்பதை ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த முயற்சியை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி வேண்டியிருந்த, உழைப்பு மிகுந்த முறை அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஏரியூரில் அத்தகைய பாடம் எப்படி இருக்கும்? ஆழ்துளைக் கிணறு, திறந்த கிணறு, குழாய் ஆகியவற்றிலிருந்து மூன்று குப்பிகளில் நீர். சிர்க்கோனியம்-அலிசரின் கரைசல் சில துளிகள். ஃபுளோரைடு ஏற ஏறச் சிவப்பு நிறம் வெளிறி மஞ்சளாகும். ஃபுளோரைடு சிர்க்கோனியத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதால் சாயம் தனித்து விடப்படுகிறது. கரைசலில் அமிலம் உண்டு, ஆசிரியரே ஊற்றட்டும். ஒன்று மட்டும்: சோதிக்க வேண்டியது நீரை. எந்தப் பிள்ளையையும் வாயைத் திறந்து காட்டச் சொல்லலாகாது. கறையை மறைக்க உதட்டை மூடிச் சிரிக்கும் பெண்ணுக்கு, அந்த ஒரு நிமிடத்தோடு விஞ்ஞானம் பகையாகிவிடும்.

தேர்வுக் கேள்வி இப்படி இருக்கட்டும்: ‘இந்த நீரைக் கொதிக்க வைத்துப் பாதியாக்கினால் நிறம் எப்படி மாறும்? முதலில் ஊகித்து எழுது. பிறகு செய்து பார்.’ காய்ச்சினால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவன், சிவப்பு திரும்பும் என்று எழுதுவான். கிருமிகள் சாகும், உண்மை. ஆனால் ஆவியாகிப் போவது தண்ணீர். ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கிவிடும். ஊகம் தவறியவனுக்கும், சோதனையை ஒழுங்காகச் செய்து கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தால், முழு மதிப்பெண்.