சனிப் பார்வை

ஜான் டாப்சனை அவருடைய மடம் 1967-இல் வெளியேற்றியது. கலிஃபோர்னியாவில் ராமகிருஷ்ணர் வழிவந்த வேதாந்த மடம் அது. 1944-இல் சேர்ந்து இருபத்துமூன்று ஆண்டுகள் அங்கே துறவியாக இருந்தவர். அவர்மேல் இருந்த குறை பெரிதாக ஒன்றுமில்லை. இரவானால் தொலைநோக்கியை உருட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்; மடத்தில் தேடினால் ஆளிருக்காது. மறு ஆண்டே இரண்டு இளைஞர்களோடு சேர்ந்து சான் பிரான்சிஸ்கோவில் நடைபாதை வானியலாளர்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஜாக்சன் தெருவும் பிராடரிக் தெருவும் கூடும் முனையில் தொலைநோக்கியை நிறுத்திவைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிலாவைப் பார்த்துவிட்டுப் போகும்படி அழைப்பதுதான் அந்த அமைப்பின் வேலை.

இலக்கிய இதழில் இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். பொதுமக்களுக்கு வானத்தைக் காட்டுவது ஒரு நிகழ்த்துகலை என்பது என் எண்ணம். அதற்கு மேடை உண்டு, பார்வையாளர் உண்டு, வசனமும் உண்டு. கூத்துக்கும் நாடகத்துக்கும் விமர்சனம் எழுதுகிற நாம் இதற்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை. நன்றாகச் செய்யப்பட்டால் மெய்ம்மறக்கிறோம், மோசமாகச் செய்யப்பட்டால் கொட்டாவி விடுகிறோம், அத்தோடு சரி.

டாப்சனின் மேடையிலிருந்து தொடங்கலாம். பெர்க்லியில் வேதியியல் படித்தவர். துறவிக்குக் கையில் காசு கிடையாது. கப்பல் சன்னலில் பொருத்தும் தடித்த வட்டக் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துக் குழியாடி ஆக்கினார். கான்கிரீட் தூண் வார்க்கப் பயன்படும் அட்டைக் குழாய்தான் உடல். அதைத் தாங்க ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி. உராய்வைக் குறைக்க டெஃப்லான் துண்டுகள். அதற்கு முன் ஆர்வலர்கள் பயன்படுத்திய தாங்கிகளில் ஓர் அச்சைத் துருவ விண்மீனை நோக்கித் திருப்பி, எதிர் எடை மாட்டி, மோட்டார் பொருத்த வேண்டும். பெரிய ஆடி என்றால் இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். டாப்சனின் பெட்டி பழைய பீரங்கியைப் போல மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்பும். மோட்டார் இல்லை. விலை சொற்பம். காப்புரிமை எடுக்கவில்லை, இன்று உலகெங்கும் கடைகளில் ‘டாப்சோனியன்’ என்றே விற்கிறார்கள்.

பொறியியலாக மட்டும் பார்த்தால் இந்தக் கருவியின் பாதிதான் தெரியும். இது வரிசைக்காகச் செய்யப்பட்ட கருவி. ஆறு வயதுப் பிள்ளை குழாயைப் பிடித்து இழுத்தாலும் ஒன்றும் உடையாது. மோட்டார் இல்லாததும் ஒரு கொடைதான். பெரிதாக்கிப் பார்க்கும்போது கோள் ஒரு நிமிடத்துக்குள் பார்வை வட்டத்தைக் கடந்து நழுவிவிடும். பார்ப்பவர் “ஐயோ, ஓடிப்போச்சு” என்பார். ஓடியது கோளன்று, நாம் நிற்கும் தரை. எந்தப் பாடப்புத்தகமும் பூமி சுழல்வதை இப்படிக் கண்ணுக்குள் கொண்டுவந்து காட்டியதாக எனக்கு நினைவில்லை. காசு கொடுத்து மோட்டார் வாங்கியவர்கள் இதை இழந்துவிடுகிறார்கள்.

மேடையைப் பாராட்டிய வாயால் வசனத்தைப் பாராட்ட முடியவில்லை. டாப்சன் பெருவெடிப்புக் கொள்கையை ஏற்கவில்லை. பிரபஞ்சம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது என்று நம்பினார். வேதாந்தத்தையும் இயற்பியலையும் ஒன்றாகக் குழைத்த ஒரு தனிப்பட்ட அண்டவியல் அவருடையது. அதைச் சொற்பொழிவுகளில் சொல்வது அவர் உரிமை. ஆனால் வரிசையில் நிற்பவர் சொற்பொழிவுக்கு வந்தவர் இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்; மறுத்துப் பேசும் நிலையில் இல்லாத மனிதர். அவர் காதில் கொள்கை ஊதுவது எந்தக் கொள்கையானாலும் எனக்கு ஒப்புதலில்லை. 2005-இல் ஜெஃப்ரி ஃபாக்ஸ் ஜேக்கப்ஸ் இயக்கிய ‘எ சைட்வாக் அஸ்ட்ரானமர்’ ஆவணப்படத்தின் நாயகன் டாப்சன், அது இயல்பே. எனக்கோ வரிசையில் நிற்பவர்களின் முகங்களில்தான் ஆர்வம்.

கார்ல் சேகனின் ‘காஸ்மாஸ்’ (1980) இதற்கு நேர் எதிர்த் துருவம். பதின்மூன்று பகுதிகள், வாஞ்சலிஸ் இசை, கற்பனை விண்கலம். வசனத்தில் டாப்சன் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அந்தத் தொடரை இன்று திரும்பப் பார்த்தால், வானத்தைப் பார்ப்பதைவிட வானத்தைப் பார்க்கும் சேகனின் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறோமோ என்று தோன்றுகிறது. வியப்பை அவர் நமக்காகப் பட்டுவிடுகிறார். வேறு வழியும் இல்லை, அது தொலைக்காட்சி.

அந்தத் தொடரின் பத்தாம் பகுதி நம்மவர்களுக்கு நன்றாகவே தெரியும். தமிழ்நாட்டில் பொங்கல் கொண்டாட்டம், சோழர் கால நடராசர், பிரம்மாவின் பகலும் இரவும் 864 கோடி ஆண்டுகள் என்ற கணக்கு. ஆண்டுக்கு இரண்டு முறையாவது யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கிறார்கள்: சேகனே சொல்லிவிட்டார், நம் முன்னோர்கள் அன்றே அறிந்திருந்தார்கள். நவீன அண்டவியலின் கால அளவுகளோடு இது பொருந்துகிறது என்று சேகன் சொன்னது உண்மை. அது தற்செயலான பொருத்தம் என்பதில் ஐயமில்லை என்று அதே வாக்கியத்தில் அவர் சேர்த்திருப்பதும் உண்மை. நாம் அனுப்பும் செய்தியில் அந்தப் பாதி மட்டும் எப்போதும் உதிர்ந்துவிடுகிறது. தற்பெருமைக்காக மட்டும் இதைக் குறை சொல்லவில்லை. முன்னோர் அறிந்திருந்தார்கள் என்று கேட்டுவிட்டவனுக்கு வெளியே போய்ப் பார்க்க வேண்டிய தேவை தீர்ந்துவிடுகிறது என்பதே என் வருத்தம். அமெரிக்காவில் நான் போன தமிழ் விழாக்களில் பழந்தமிழர் வானியல் பற்றி உரைகள் கேட்டிருக்கிறேன். உரை முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வரும் இருநூறு பேரில் ஒருவர்கூட அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை.

வானத்தை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசை நல்லவர்களுக்கு மட்டும்தான் வரும் என்பதும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குப் பெரும் நிலத்தைக் கொடையாகக் கொடுத்த கிரிஃபித் ஜே. கிரிஃபித், 1903-இல் தன் மனைவியைத் துப்பாக்கியால் சுட்டார். அந்தப் பெண் உயிர் பிழைத்தார். ஒரு கண் போய்விட்டது. சிறையிலிருந்து வந்தபின் கிரிஃபித் பொதுமக்களுக்கு ஒரு வானாய்வகம் கட்டப் பணம் தருகிறேன் என்று 1912-இல் முன்வந்தபோது ஊரில் எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 1935-இல்தான் கிரிஃபித் வானாய்வகம் திறந்தது. அங்குள்ள 12 அங்குல ட்ஸைஸ் தொலைநோக்கி வழியாகப் பார்த்தவர்களின் எண்ணிக்கை வேறெந்தத் தொலைநோக்கிக்கும் இல்லை என்கிறார்கள். உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. வரிசையில் நிற்கும்போது கிறிஸ்டினா கிரிஃபித்தின் கண்ணை நினைக்காமல் இருக்க என்னால் முடிந்ததில்லை.

இனி நம் வீட்டுக் கதை. சான் ஹோசேக்குப் பக்கத்தில் ஒரு நூலகத்தின் கார் நிறுத்துமிடத்தில், சில ஆண்டுகளாக மாதம் ஒருமுறை என் எட்டு அங்குல டாப்சோனியனை வைத்துக்கொண்டு நிற்கிறேன். தமிழ்க் குடும்பங்களும் வரும். நிலாவுக்கும் வியாழனுக்கும் சிக்கலே இல்லை. சனி வந்தால்தான் வசனம் தடுமாறும்.

“இது என்ன தம்பி?” என்று ஊரிலிருந்து மகளைப் பார்க்க வந்திருக்கும் ஒரு அம்மா கேட்பார். “சனிம்மா” என்றால் ஒரு அடி பின்னால் போய்விடுவார். “வேண்டாம்ப்பா, எம் பேரனுக்கு இப்ப ஏழரை நடக்குது.” பேரனோ ஏற்கெனவே ஏணியில் ஏறிக் கண்ணை வைத்துவிட்டு, உள்ளே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருப்பான். பாட்டிக்கு அது சனி, பேரனுக்கு சாட்டர்ன். இரண்டும் ஒன்று என்று இருவருக்குமே தெரியாது.

நண்பர்கள் சிலர் தமிழர் வந்தால் ‘சாட்டர்ன்’ என்றே சொல்லிவிடு, எதற்கு வம்பு என்கிறார்கள். தனித்தமிழ் ஆர்வலர் ஒருவர் ‘காரி’ என்று சொல்லலாம் என்றார். நல்ல பழைய சொல்தான். ஆனாலும் சனி என்றே சொல்வேன். அச்சம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. சொல்லை மாற்றிவிட்டால் அச்சம் பத்திரமாக வீட்டிலேயே இருக்கும், தொலைநோக்கிக்குள் வேறொரு பொருள் மிதக்கும். பிள்ளையைத் திட்டுவதற்கு நாம் எடுக்கும் அதே பெயரை உடையது, பால் ஏட்டின் நிறத்தில், இடுப்பில் வளையத்தோடு கறுப்பில் அசையாமல் தொங்குவதை ஒருவர் பார்க்கட்டும். பின்னால் போன அந்த அம்மாக்களில் பலர் பேரனின் கூச்சலைக் கேட்டுத் திரும்பி வருவார்கள். பார்த்தபின் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஏழரை என்ற எண்ணே வானத்தைப் பார்த்தவர்கள் கண்டெடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். சனி ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டுகள். பன்னிரண்டு ராசிகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு இரண்டரை ஆண்டு. பிறந்த ராசி, அதற்கு முன்னது, பின்னது என மூன்றையும் கூட்டினால் ஏழரை. கண்ணால் தெரியும் கோள்களிலேயே மெதுவாக நகர்வதை, தலைமுறை தலைமுறையாக யாரோ இரவில் விழித்திருந்து குறித்துவைத்திருக்கிறார்கள். அச்சம் பிறகு ஏறி உட்கார்ந்தது. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி அன்று திரளும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த வாரம் வானத்தில் சனி எங்கே நிற்கிறது என்று பார்த்திருப்பார்கள்? பெயர்ச்சி என்பது பஞ்சாங்கத்தில் நடக்கும் ஒன்றாகிவிட்டது.

புறநானூற்றில் கபிலர் சனியை மைம்மீன் என்கிறார் (117). அது புகைவதும் வால்மீன் தோன்றுவதும் வெள்ளி தென்பக்கம் போவதும் தீய அறிகுறிகள்தாம். ஆனால் பாரியின் நாட்டில் அப்போதும் மழை பொய்க்கவில்லை என்பது பாட்டு. அதே தொகையில் 229-ஆம் பாட்டு எனக்கு இன்னும் நெருக்கம். கூடலூர் கிழார் ஓர் எரிமீன் விழுவதைக் காண்கிறார். பங்குனி, நள்ளிரவு, உச்சியிலிருந்து சாய்ந்த விண்மீன் எது, அந்நேரம் எழுவது எது, மறைவது எது என்று ஒரு குறிப்பேட்டின் துல்லியம். ஏழாம் நாள் சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான். உரையாசிரியர்கள் சோதிடத்தை விளக்குவதில் காட்டும் அக்கறையில், பாட்டில் புலவர் தனியாக இல்லை என்பது கவனிக்கப்படாமல் போகிறது. தானும் பிறரும் இரவலர் பலரும் சேர்ந்து அதைக் கண்டதாகவும், அரசன் நோயின்றி இருக்க வேண்டுமே என்று கலங்கியதாகவும்தான் அவர் சொல்கிறார். ஒரு கூட்டம் ஒரே வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறது. கணிப்பை நான் நம்பவில்லை. அந்தக் கூட்டத்தின்மேல் பொறாமையாக இருக்கிறது.

இப்போது அப்படிக் கூடினாலும் பார்க்க என்ன இருக்கிறது என்பது நியாயமான கேள்வி. 2016-இல் ஃபாபியோ ஃபால்கி குழுவினர் வெளியிட்ட செயற்கை ஒளி வரைபடத்தின்படி மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது. வட அமெரிக்கர்களில் அது ஏறக்குறைய 80 விழுக்காடு. இதற்கு விடையாக இப்போது புதிய கருவிகள் வந்திருக்கின்றன. தொலைநோக்கி தானே குறி பார்த்து, படங்களை அடுக்கிச் சேர்த்து, ஆண்டிரோமீடாவைத் தொலைபேசித் திரைக்கு அனுப்பிவிடும். என் தொழில் மென்பொருள். அந்த வேலையின் நேர்த்தி எனக்குப் புரிகிறது. சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஏணி ஏறாமல் பார்க்க முடிகிறதே, அதற்காகவே அதை வரவேற்கலாம். ஆனால் திரையில் பார்ப்பவர்கள் “அழகு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சனியிலிருந்து ஏறக்குறைய எண்பது நிமிடம் பயணம் செய்து வந்த ஒளி தன் கண்ணுக்குள்ளேயே விழுந்து முடிகிறது என்று தெரிந்தவர் அப்படி நகர்வதில்லை.

வளையம் எப்போதும் படத்தில் இருப்பதுபோல இருப்பதும் இல்லை. 2025 மார்ச்சில் அதன் விளிம்பு நமக்கு நேராகத் திரும்பியது. நவம்பரிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நேரும். 1612-இல் கலிலியோவே சனியின் பக்கங்களில் தான் கண்டவை மறைந்துபோனதாகத் திகைத்திருக்கிறார். அது வளையம் என்று ஹைகன்ஸ் 1659-இல் விளக்கி எழுதும்வரை புதிராகத்தான் இருந்தது. நவம்பரில் வந்த ஒரு சிறுமி கண்ணை எடுக்காமல், “ரிங் எங்கே அங்கிள்?” என்றாள். ஹப்பிள் எடுத்த படம் தொலைபேசியில் இருந்தது, காட்டவில்லை. “இப்ப கோடுதான்மா தெரியும். கோடு தெரியுதா, பாரு,” என்றேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. சனி வட்டத்தின் ஓரத்துக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே குழாயை இலேசாகத் தள்ளி, திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தாள்.