நிறுப்பவரின் தராசு

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயி பச்சைத் தேயிலையை எடைக்குக் கொடுக்கும்போது கண் வைப்பது தராசின் மீதுதான். நிறுப்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் தராசில் அரசு முத்திரை உண்டா என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது. நாட்டு நடப்பை நாள்தோறும் நமக்கு நிறுத்துத் தருகின்ற பத்திரிகையாசிரியர்களிடம் மட்டும் இக்கேள்வியைக் கேட்க ஏனோ தயங்குகிறோம்.

இத்தயக்கத்தின் விலையை நீலகிரி வாக்காளர் அறிவர். 2009 மக்களவைத் தேர்தலில் அவர்கள் தேர்ந்தெடுத்த ஆ. இராசா, மத்திய தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தபோது 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் சிக்கி, 2010 நவம்பரில் பதவி விலகினார். 2011 பிப்ரவரியில் கைதானார். 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதன்மீதான மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. இவையனைத்தையும் செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின. எழுத வேண்டியதுதான், அது அவற்றின் கடமை.

ஆனால் அதே 2010 நவம்பரில் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. பெருநிறுவனங்களுக்காக அரசு வட்டாரங்களில் காரியம் பார்த்துவந்த நீரா ராடியாவின் தொலைபேசி உரையாடல்களை வருமான வரித்துறை பதிவு செய்திருந்தது. அவற்றை 'ஓபன்', 'அவுட்லுக்' ஆகிய ஆங்கில வார இதழ்கள் வெளியிட்டன. 2009இல் அமைச்சரவை அமைந்துகொண்டிருந்த நாள்களில், யாருக்கு எந்தத் துறை என்பது குறித்துப் பெயர்பெற்ற பத்திரிகையாளர்கள் அவரோடு பேசியிருந்தனர். அமைச்சரைத் துருவிய ஏடுகளில் பல, தம் இனத்தாரைப் பற்றிய இச்செய்தி வந்தபோது முதல் சில நாள்கள் வாய் திறக்கவில்லை.

அவர்கள் தரப்பையும் கூறுவதே நியாயம். பர்கா தத், தாம் கணிப்பில் தவறியதாகவும் குற்றம் ஏதும் இழைக்கவில்லை எனவும், தம் தொலைக்காட்சியிலேயே பிற ஆசிரியர்கள் முன் அமர்ந்து விடையளித்தார். வீர் சங்வியும் குற்றச்சாட்டை மறுத்தார். அவருடைய வாரப் பத்தி நிறுத்திவைக்கப்பட்டது. பத்திரிகையாளர் எவர்மீதும் இதன் பொருட்டு வழக்குத் தொடரப்படவில்லை. நாம் குறைகூறுவது அவ்விருவரையன்று. ஓர் அமைச்சர் மூன்று நாள் மௌனமாக இருந்தால் அதையே தலைப்புச் செய்தியாக்கும் ஏடுகள், தம் மௌனத்தை எவருக்கும் விளக்கவில்லை என்பதே நம் வருத்தம்.

பத்திரிகைகளைக் கண்காணிக்கும் மன்றமாகிய பிரஸ் கவுன்சிலும் இவ்வழியிலேயே நடந்தது. 2009 தேர்தல்களில் வேட்பாளர்கள் பணம் கொடுத்து விளம்பரத்தைச் செய்தியாக வெளியிடச் செய்தனர் என்ற புகாரை ஆராய, அது இருவர் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. பரஞ்ஜாய் குகா தாகுர்த்தாவும் கே. சீனிவாச ரெட்டியும், ஏடுகளின் பெயர்களைக் குறிப்பிட்டே 71 பக்க அறிக்கை அளித்தனர். 2010இல் மன்றம் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, பெயர்களற்ற சுருக்கம் ஒன்றையே வெளியிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மத்தியத் தகவல் ஆணையம் 2011இல் ஆணையிட்ட பிறகே முழு அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தது. அரசு அலுவலகக் கோப்புகளைத் திறக்க 2005இல் பிறந்த சட்டம், பத்திரிகை உலகின் பூட்டிய பெட்டியைத் திறக்கவும் தேவைப்பட்டதே!

'நாங்கள் தனியார், அதிகாரிகளைப்போல் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவரல்லர்' என்று ஆசிரியர்கள் கூறக்கூடும். ஆனால் ஏடுகள் பெறும் அரசு விளம்பரங்களில் இருப்பது மக்கள் வரிப்பணம். மேலும், மக்களின் தீர்ப்பை உருவாக்கும் அதிகாரம் எந்த அரசுப் பதவிக்கும் இளைத்ததன்று. செய்தி தந்தவரின் பெயரை மறைத்துக் காப்பது அவர்களுக்குரிய உரிமை. அது இல்லையெனில் எளியவன் எவனும் உண்மையைச் சொல்ல முன்வரமாட்டான். ஆனால் அந்தத் திரை சொல்பவனைக் காக்க வந்தது. எழுதுபவரின் ஆதாயத்தையும் தொடர்புகளையும் மறைப்பதற்கு வந்ததன்று. அரசு கையில் பிரம்பைக் கொடுத்து ஏடுகளைத் திருத்தச் சொல்வதும் தீதாகவே முடியும். நெருக்கடி நிலைக் காலத்துத் தணிக்கையைக் கண்ட நாடு இது.

எனவே முத்திரையை ஆசிரியர்கள் தாமே முன்வந்து காட்டுவதுதான் முறை. வழியில்லாமல் இல்லை. 1956ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிமையாளர் யார், நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பங்குடையோர் யார் என்பதைச் சிற்றிதழ்களும் ஆண்டுதோறும் மார்ச் வாக்கில் 'படிவம் 4' என அச்சிட்டு வந்தன. 'தி இந்து' 2006இல் வாசகர் முறையீடுகளைக் கேட்பதற்கென்றே தனி ஆசிரியரை நியமித்தது. பிழை திருத்தத்தைக் கண்ணில் படும் இடத்தில் இடுதல், பணம் பெற்றதை விளம்பரம் என்றே குறித்தல், எழுதும் பொருளில் தமக்குள்ள தொடர்பை முன்கூட்டியே சொல்லுதல் ஆகியவற்றுக்குப் புதுச்சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

வேண்டுவது வாசகரின் கேள்வி. குன்னூரிலோ கோத்தகிரியிலோ காலையில் ஏட்டைப் பிரிக்கும் நாம், 'இதை எழுதியவர் யார், எழுதச் செய்தவர் யார்?' என்று ஓர் அஞ்சலட்டையிலாவது கேட்டிருக்கிறோமா? தேயிலைக்குக் கேட்கும் கேள்வியைச் செய்திக்கும் கேட்போம்.