ஆர்னால்டு விலக்கிய பாட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத்தில் கவிஞராகவும் திறனாய்வாளராகவும் ஒருங்கே போற்றப்படுபவர் மாத்தியூ ஆர்னால்டு (1822-1888). இரக்பிப் பள்ளித் தலைமையாசிரியராய் விளங்கிய தாமசு ஆர்னால்டின் மகனாகிய இவர், 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராகப் பணிபுரிந்தார். 1857 முதல் பத்தாண்டுகள் ஆக்சுபோர்டில் கவிதைப் பேராசிரியராகவும் இருந்தார். 'பண்பாடும் ஒழுங்கின்மையும்' (1869) என்னும் நூல், சமுதாயத் திறனாய்வாளர் என்னும் பெயரை அவருக்கு நிலைநாட்டியது. அவருள் இருந்த திறனாய்வாளர் கவிஞரைத் தண்டித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அத்தீர்ப்பின் தகுதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1852இல் 'எட்னாவில் எம்பிடோக்ளீசு' என்னும் நாடகப் பாட்டைத் தலைமையாகக் கொண்ட தொகுதியை ஆர்னால்டு வெளியிட்டார். 50 படிகள் விற்பதற்குள் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1853ஆம் ஆண்டுத் தொகுதியில் அப்பாட்டைச் சேர்க்காது விடுத்து, அதற்குரிய காரணத்தை முன்னுரையில் விளக்கினார். செயலாக வெளிப்படாமல், தணிவோ எதிர்ப்போ இன்றி நீளும் மனத்துன்பம் பாட்டுக்குரிய பொருளாகாது என்பது அவர்தம் கருத்து. அக்கொள்கைக்கு இயைய, தந்தை ஒருவன் இன்னான் என அறியாது தன் மகனையே போரில் கொல்லும் பாரசீகக் கதையைச் 'சோராபும் ருசுதமும்' எனப் பாடிச் சேர்த்தார்.

இத்தீர்ப்புப் பொருந்துமா? எம்பிடோக்ளீசு சிசிலித் தீவில் வாழ்ந்த பழைய கிரேக்க அறிஞர். பாட்டில் அவர் வாழ்வில் பற்றொழிந்து எட்னா எரிமலையின் வாயுள் பாய்ந்து மாய்கிறார். அவர் துன்பத்திற்குத் தணிவில்லை என்பது உண்மையே. ஆயின், மலைச்சாரலில் காலிக்ளீசு என்னும் இளைஞன் யாழிசைத்துப் பாடும் பாடல்கள் இடையிடையே ஒலிக்கின்றன. அறிஞர் மறைந்த பின்னரும் அவன் பாடலே நூலை முடித்துவைக்கிறது. அவ்விசை எம்பிடோக்ளீசை மீட்கவில்லை. கற்பார் உள்ளத்தை மீட்கிறது. ஆதலின், ஆர்னால்டு கூறிய குறை பாத்திரத்திற்குப் பொருந்துமேயன்றிப் பாட்டிற்கு முற்றும் பொருந்தாது.

1867இல், கவிஞர் இராபர்ட்டு பிரௌனிங்கின் விருப்பத்திற்கிணங்க, விலக்கிய பாட்டை ஆர்னால்டு மீண்டும் பதிப்பித்தார். அதே தொகுதியில் வெளிவந்த 'டோவர் கடற்கரை'யிலும் செயல் இல்லை. சமய நம்பிக்கை கடல்நீர்போல் பின்வாங்கும் காலத்தின் துயரே உண்டு. அத்துயருக்கு மாற்றாக அவர் காட்டுவது, அன்புடையார் இருவர் ஒருவர்க்கொருவர் உண்மையாக இருத்தல் ஒன்றே. 1853ஆம் ஆண்டு விதிக்கு அடங்காத இப்பாட்டே இன்று அவர் பாடல்களுள் மிகுதியாகப் பயிலப்படுகிறது.

தம் படைப்பையே விலக்கத் துணிந்த அவரது நடுவுநிலைமை போற்றற்குரியது. எனினும், விதியைக் கொண்டு பாட்டை அளப்போர், பாட்டைக் கொண்டு விதியையும் அளத்தல் வேண்டும். ஆர்னால்டின் முன்னுரையைப் பயில்வோர், அவர் விலக்கிய பாட்டையும் உடன்வைத்துப் பயிலுதல் இன்றியமையாதது.