தேர்ந்து நிறுவும் உரிமை: வரவும் செலவும்

பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் ஒரு மென்பொருளை நிறுவினால், அதைப் பொதிந்து தந்தவர்கள் தேர்ந்த வசதிகளே நமக்கும் வாய்க்கும். 2002இல் 1.0 பதிப்பு கண்ட ஜென்டூ அந்தத் தேர்வைப் பயனரிடமே விடுகிறது. அதன் போர்ட்டேஜ் நிரல் மூலநிரலை இறக்கி நம் கணினியிலேயே கம்பைல் செய்கிறது. வேண்டியதையும் வேண்டாததையும் ‘யூஸ் ஃப்ளாக்’ என்ற குறிகளால் சொல்லிவிடலாம். பிரிண்டரே இல்லாத சர்வரில், அமைப்புக் கோப்பின் யூஸ் வரியில் ‘கப்ஸ்’ என்ற பெயருக்கு முன் ஒரு கழித்தல் குறி இட்டால் போதும். அச்சிடும் வசதியை விருப்பத்துக்கு விட்டிருக்கும் மென்பொருள்கள் எல்லாம் அதைச் சேர்க்காமலே உருவாகும்.

இம்முறையால் வேகம் கூடும் என்று பலர் சொல்வார்கள். அன்றாட வேலைகளில் அந்த ஆதாயம் பெரும்பாலும் சொற்பமே. உண்மையான பலன், தேவையற்றதை உள்ளே விடாதிருப்பதுதான். 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டை இதற்கு நல்ல சான்று. இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் ‘ஹார்ட்பீட்’ வசதி, எதிர்முனை அனுப்பிய செய்தியின் நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியது. அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் கசிந்தது. கடவுச்சொற்களும் மறைகுறியீட்டுச் சாவிகளும் அதில் அகப்படக்கூடும். அந்த வசதியை நீக்கிக் கம்பைல் செய்தவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. உடனே புதிய பதிப்புக்கு மாற இயலாதவர்களுக்கு ஓபன்எஸ்எஸ்எல் குழுவே சொன்ன வழியும் அதுதான்.

ஆனால் இதே சான்று இம்முறையின் குறையையும் காட்டுகிறது. ஹார்ட்பீட் இயல்பிருப்பாகவே இயங்கிய வசதி. அதை முன்கூட்டியே நீக்க, அது தனக்குத் தேவையில்லை என்று ஒருவர் அறிந்திருக்க வேண்டும். எத்தனை பேருக்கு அது தெரியும்? தெரிவு இருப்பது ஒன்று. தெரிந்து தேர்வது வேறு.

சோதனையும் இங்கே சிக்கலாகிறது. ஒரு மென்பொருளில் ஒன்றையொன்று சாராத 20 குறிகள் இருந்தால், 10,48,576 வடிவங்கள் சாத்தியம். அத்தனையையும் எந்தக் குழுவாலும் சோதிக்க முடியாது. உங்கள் கணினியில் இருக்கும் வடிவம் உலகில் வேறு எவரும் இயக்கிப் பார்க்காததாக இருக்கலாம். பிழை வந்தால் அதைத் தேடும் சுமை பெரிதும் உங்களுடையதே. காலச் செலவும் உண்டு. குரோமியம் போன்ற பெரிய உலாவி சாதாரணக் கணினியில் கம்பைல் ஆகப் பல மணி நேரம் எடுக்கும். பாதுகாப்புத் திருத்தம் வரும் நாளில் அந்தத் தாமதமே ஆபத்து.

ஜென்டூவே இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கிறது. 2023 டிசம்பர் முதல், முன்பே கம்பைல் செய்த தொகுப்புகளையும் அது பரவலாக வழங்குகிறது. உங்கள் குறிகள் அவற்றோடு பொருந்தினால் அப்படியே நிறுவலாம். பொருந்தாதவற்றை மட்டும் கம்பைல் செய்தால் போதும்.

இதுவே சரியான அளவு என்பது என் முடிவு. வலையை நோக்கித் திறந்திருக்கும் சேவைகளில் குறிகளைப் படித்துத் தேருங்கள். மற்றவற்றை இயல்பிருப்புக்கே விடுங்கள். ஒரு குறியை மாற்றும்போது அதன் காரணத்தை அதே கோப்பில் ஒரு வரியாக எழுதிவையுங்கள். எழுதக் காரணம் கிடைக்காவிட்டால், அந்த மாற்றம் தேவையில்லை.