கருத்த முகத்தில் விழும் வெளிச்சம்

முகம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆடி மாதத்தில் அந்தியூருக்கு வர வேண்டும். புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் ஊரறிந்தவை. சனம் குதிரையைப் பார்க்கும். நான் குதிரையைப் பிடித்திருப்பவரைப் பார்ப்பேன். பர்கூர் மலையிலிருந்து வெள்ளைத் திட்டு விழுந்த செம்மாட்டை ஓட்டி வந்தவர், தலையில் உருமாலைக் கட்டு, நெற்றி நிறையத் திருநீறு, வெயிலில் இறுகிய கன்னம் என்று நிற்பார். அப்படி ஒரு பெரியவரின் முகத்தை அந்தியூர்க்கார இளைஞர் ஒருவர் கம்ப்யூட்டரில் கருப்பு வெள்ளையில் வரைந்திருக்கிறார். நான் பார்த்த டிஜிட்டல் உருவப் படங்களில் என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது அதுதான். காரணம் எளியது. அந்த முகத்தை அவர் வெளுக்கவில்லை.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய, கொஞ்சம் கணக்குப் பேச வேண்டும். கம்ப்யூட்டர் வழக்கமாகச் சாம்பல் நிறத்தை 256 படிகளாக வைத்திருக்கிறது. 0 என்றால் முழுக் கருப்பு, 255 என்றால் முழு வெள்ளை. வெளுத்த முகத்தை வரைகிறவர் மேல்பாதிப் படிகளில் தாராளமாக உலாவலாம். பர்கூர்ப் பெரியவரின் முகமோ ஏறக்குறைய முழுவதும் கீழ்ப்பாதியில் இருக்கிறது. கன்னம், தாடை, கழுத்து, கண்குழி எல்லாமே நெருங்கிய கருமைகள். அந்தக் குறுகிய இடத்துக்குள் எலும்பு எங்கே, சதை எங்கே, வற்றிய இடம் எங்கே என்று காட்டியாக வேண்டும். பிரஷ்ஷின் ஒபாசிட்டியைப் பத்து, பன்னிரண்டு சதவீதத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பூச்சின் மேல் இன்னொரு பூச்சு என்று ஏற்றியிருக்கிறார். பேனாவை அழுத்தினால் அடர்த்தி, தளர்த்தினால் மெலிவு. இன்றைய நல்ல பென் டேப்லெட்டுகள் 8192 அழுத்த நிலைகளை உணர்கின்றன. கையின் தயக்கம்கூடத் திரையில் விழும்.

கருத்த தோல் வெளிச்சத்தை நடத்தும் விதமே வேறு. வெளுத்த தோலுக்குள் ஒளி புகுந்து, பரவி, மெதுவாகத் திரும்புகிறது. அதனால் மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரிவு இதமாகத் தெரிகிறது. கருத்த தோல், உள்ளே போன ஒளியில் பெரும்பங்கைத் தனக்கே வைத்துக்கொள்கிறது. மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பு எல்லாத் தோலுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும், கருமையின் மேல் அது கூர்மையாகத் தனித்து நிற்கிறது. கன்ன எலும்பின் முனை, மூக்குத் தண்டு, கீழுதட்டின் ஈரம், புருவ மேட்டில் வியர்வை என்று அந்தச் சில இடங்களை வைத்தே முகத்தின் வடிவத்தை நம் கண் கட்டிக்கொள்கிறது. இந்தப் படத்தில் அந்த மினுக்கம் எண்ணிச் செலவழிக்கப்பட்டிருக்கிறது. இடது கன்னத்தில் அரிசியளவு ஒன்று. அதை விரலால் மறைத்துப் பார்த்தால் முகமே தட்டையாகிவிடுகிறது.

முழு வெள்ளைக்குப் பக்கத்தில் போவது உருமாலின் ஓரமும் திருநீறும் மட்டுமே. கண்ணின் வெள்ளைக்கு அந்த உரிமை இல்லை. இமையின் நிழல் விழுவதால் விழிவெண்மை உண்மையில் ஒரு நடுச்சாம்பல். அதைப் பளீரென்று வைக்கிற படத்தில் ஆள் மிரண்டுபோய் நிற்பார். இங்கே கண்ணுக்குள் ஒரு சின்ன ஒளிப்புள்ளி, அதுவும் இமைக்கு ஒட்டினாற்போல. அவ்வளவு போதும், பெரியவர் யாரையோ எடை போட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது.

பெண்களின் முகத்தில் சிக்கல் இன்னும் சுவையானது. குங்குமப் பொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணத்தைச் சாம்பலாக்கும்போது பச்சைக்குத்தான் அதிகப் பங்கு, சிவப்புக்கு அதில் பாதி, நீலத்துக்கு மிகக் குறைவு என்பது வழக்கமான கணக்கு. அதன்படி எவ்வளவு பளிச்சென்ற சிவப்பும் 76ஆம் படியைத் தாண்டாது. மாநிற நெற்றியும் அங்கேயேதான் எங்கோ இருக்கும். ஆக, நேரில் பத்தடி தூரத்தில் கண்ணைப் பறிக்கும் பொட்டு, கருப்பு வெள்ளையில் நெற்றிக்குள் கரைந்தே போகலாம். முகத்துக்குப் பூசிய மஞ்சளோ நேர் எதிராக வெளிறி மேலே ஏறிவிடும். மெஷின் செய்யும் மாற்றத்தை நம்பினால் பொட்டில்லாத, வெளுத்த அம்மாள் ஒருவர் வந்து நிற்பார். கலைஞர்தான் தீர்மானிக்க வேண்டும். பொட்டை நிழலைவிட ஒரு படி கருக்குவதா, விளிம்பைக் கூர்மையாக்குவதா, குங்குமத் தூளின் சொரசொரப்பை மட்டும் காட்டுவதா? நம் அந்தியூர் இளைஞர் மூன்றாவதைச் செய்கிறார். பக்கத்து நெற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு மினுங்க, பொட்டு மினுங்காமல் கிடக்கிறது. நிறத்தின் வேலையைப் பரப்பின் குணம் செய்துவிடுகிறது. இந்த யோசனைக்கு நான் எழுந்து நின்று கும்பிடுவேன்.

முகத்தை வெளுக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? ஆசை ஒரு பக்கம்; கருவியும் ஒரு பக்கம். பழைய ஸ்டுடியோக்களில் டச்சிங் என்பது நெகட்டிவின் மேல் கூர்ப்பென்சிலால் செய்கிற வேலை. நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். சுருக்கம், கருவளையம், அம்மைத் தழும்பு எல்லாம் இப்படித்தான் நிரப்பப்பட்டன. ஒரு இடத்தைக் கருக்க வேண்டுமென்றால் சின்னக் கத்தியால் பூச்சைச் சுரண்ட வேண்டும். கை தவறினால் நெகட்டிவே போய்விடும். எளிய வழி வெளுக்கும் வழியாகவே இருந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் மந்திரி குமாரி (1950), கோவை பட்சிராஜாவின் மலைக்கள்ளன் (1954) என்று கருப்பு வெள்ளையை ஆண்ட கொங்கு மண்ணிலும் நாயகரின் முகத்துக்கு மாவுப் பூச்சுதான்.

கம்ப்யூட்டர் வந்தபோது இந்தக் கட்டாயம் போய்விட்டது. ஃபோட்டோஷாப்பின் பிறப்பே சாம்பலில்தான். 1987இல் மிச்சிகனில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல், கருப்பும் வெள்ளையும் மட்டுமே காட்டத் தெரிந்த தன் மேக் திரையில் இடைப்பட்ட சாம்பல்களைக் காட்டுவதற்காக எழுதிய சிறு நிரல்தான் அது. தம்பி ஜானும் சேர, 1990இல் ஃபோட்டோஷாப்பாக வெளிவந்தது. அதில் கருக்குவதும் வெளுப்பதும் ஒரே உழைப்பு. கருவி விடுதலை கொடுத்த பிறகும் நம் ஸ்டுடியோக்கள் ஸ்மட்ஜ் பெயின்டிங் என்ற பெயரில் மொபைல் படத்தைத் தேய்த்துத் தேய்த்து, தோலை மெழுகாக்கி, முடியைச் சீவிய நைலான் நாராக்கித் தருகின்றன. கண்ணீர் அஞ்சலிப் பேனர்களில் தாத்தாக்கள் எல்லாரும் ஒரே சாயலில் சிரிப்பது இதனால்தான். எனக்கு இது வருத்தம் தருகிறது. அந்தக் கைகளில் திறமை இருக்கிறது. முகத்தை உற்றுப் பார்க்கும் நேரத்தைத்தான் யாரும் அவர்களுக்குக் கொடுப்பதில்லை.

போட்டோ மாதிரியே வரைவதுதான் உச்சமா என்றும் கேட்கலாம். 2013இல் கைல் லாம்பர்ட் என்ற கலைஞர், நடிகர் மார்கன் ஃப்ரீமனின் முகத்தை ஐபேடில் விரலாலேயே வரைந்தார். 200 மணி நேரத்துக்கு மேல் உழைப்பு, 2,85,000 தீற்றல்கள் என்று சொன்னார்கள். உலகமே வாய் பிளந்தது, நானும்தான். ஆனாலும் அந்தப் படத்தை நான் மறுபடி தேடிப் போனதில்லை. மூலமான போட்டோவில் இல்லாத எந்தத் தீர்மானத்தையும் அதில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தீர்மானம் என்றால் என்ன என்பதற்கு எங்கள் ஜில்லாவிலேயே ஒரு முகம் உண்டு. 1887இல் ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜன். நாம் எல்லோரும் அறிந்த அந்த முகம் 1919இல் இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்புவதற்காக எடுத்த பாஸ்போர்ட் படம். அவரை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டி நல்ல படம் ஒன்று கேட்க, வானியற்பியலாளர் சந்திரசேகர் 1936இல் இந்தியா வந்தபோது ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளிடமிருந்து அதைப் பெற்றுக்கொண்டு போனார். சிற்பி பால் கிரான்லுண்ட் 1980களில் வடித்த வெண்கலத் தலைக்கும் அந்தப் படமே ஆதாரம். நோயில் மெலிந்த முகம், மங்கலான அச்சு. இணையத்தில் அதைத் துலக்கி வரைந்த டிஜிட்டல் படங்கள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவற்றில் நோயையும் துலக்கிவிட்டார்கள். அந்தியூர் இளைஞரும் ஒன்று வரைந்திருக்கிறார். மூலத்தில் தெரியாத மயிர்க்கால்களை அவர் கற்பனை செய்யவில்லை. காதும் தோளும் மங்கலாகவே கிடக்க, கண்ணைச் சுற்றி மட்டும் கூர்மை ஏறுகிறது. கண்ணுக்குக் கீழே உள்ள வீக்கத்தை அப்படியே விட்டிருக்கிறார்.

அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் காலமானவர்களின் படத்தோடு வருகிறவர்கள். ரேஷன் கார்டு அளவுப் படம், கல்யாண ஆல்பத்தில் ஓரமாக நிற்கும் ஒரு தலை. "அப்பா நல்ல நெறமுங்க, கொஞ்சம் வெளுப்பாப் போட்டுக் குடுங்க" என்பார்கள். அவர் மறுக்க மாட்டார். "அப்பா வேற யாரு கூடயாச்சும் நிக்கிற படம் இருந்தாக் கொண்டாங்க" என்பார். பக்கத்தில் நிற்பவரின் நிறத்தோடு ஒப்பிட்டால்தான் எந்தப் படி என்று பிடிபடும். இரண்டாவது படத்தைத் தேடி எடுக்கிற வீட்டார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெரும்பாலும் வெளுப்புப் பேச்சை விட்டுவிடுகிறார்கள்.

அச்சுக்கு ஈரோட்டுக்குப் போகிறார். பளபளப்பில்லாத தாளில் அடர் கருமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திரையில் பிரிந்து தெரிந்த தாடையும் கழுத்தும் தாளில் ஒரே கட்டியாகிவிடும். அதனால் முதலில் தாடைப் பகுதியை மட்டும் ஒரு துண்டு அச்செடுத்து, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலிலும் நிழலிலும் பார்த்து, நிழல்களை மூன்று நான்கு படி உயர்த்தி, மறுபடி ஒரு துண்டு எடுக்கிறார். வீட்டில் மாட்டும்போது டியூப் லைட்டுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், கண்ணாடியில் லைட்தான் தெரியும், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும் சுவராகப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்.